நின்று விசாரிக்கிற ரோடு

கனடாவின் வடகோடியில் டாசன் ஊரிலிருந்து கிளம்பும்போதே ஆர்டித் ஒரு முடிவோடுதான் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ரோடு போய்க் கடலைத் தொடுவதற்குள் புருஷன் கார்னெட்டிடம் சொல்லிவிட வேண்டும். இனிமேல் உன்னோடு இருக்க என்னால் முடியாது, செப்டம்பரில் தெற்கே நனைமோவுக்கு என் தங்கை வீட்டுக்குப் போகிறேன், அங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலையும் பார்த்து வைத்தாயிற்று, திரும்பி வரமாட்டேன். இவ்வளவுதான் விஷயம். ஒயிட்ஹார்ஸில் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தபோது தங்கு தடையில்லாமல்தான் வந்தது.

அடித்தானா, குடித்தானா, வேறு பெண்ணோடு திரிந்தானா என்றெல்லாம் கேட்காதீர்கள். அப்படி ஏதாவது இருந்திருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். கார்னெட் நல்லவன். ரோடு இலாகா ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அவனிடம் இருந்த ஒரே குறை, வாயைத் திறக்கமாட்டான். எப்படி இருக்கிறாய் என்றால் நல்லா இருக்கேன். என்ன யோசிக்கிறாய் என்றால் ஒண்ணுமில்ல. அவன் அப்பா இறந்த செய்தி போனில் வந்த அன்று ரிசீவரை வைத்துவிட்டுப் போய் விறகு பிளந்தான், சாப்பிட்டான், தூங்கினான். மறுநாள் காலையில் வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளு என்று கேட்டுவிட்டு, “அப்பா போயிட்டாராம்” என்றான். ஆர்டித்துக்கு மார்பில் கட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். பாவம், என்னமோ சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். “வண்டிக்கு ஆயில் மாத்திட்டேன்” என்றான். இப்படியே பத்தொன்பது வருஷம். சுவரோடு குடித்தனம் நடத்தியவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

ஆகஸ்ட் கடைசியில் கூடாரத்தையும் அடுப்பையும் தூக்கிப் போட்டுக்கொண்டு டெம்ப்ஸ்டர் ரோட்டில் வடக்கே போவது அவர்களுக்கு வருஷா வருஷம் உள்ள பழக்கம். கொசு ஓய்ந்திருக்கும், பனி இறங்கியிருக்காது, மலையெல்லாம் சிவந்து கிடக்கும். பாதி தூரம் போய்த் திரும்பிவிடுவார்கள். இந்தத் தடவை கடல்வரைக்கும் போவோமா என்று ஆர்டித்தான் கேட்டாள். சொல்லுவதற்குக் கூடுதலாக நாள் கிடைக்குமே என்ற நினைப்பு. அவன் “சரி” என்றான்.

முதல்நாள் டூம்ஸ்டோன் மலையடியில் கூடாரம் போட்டார்கள். அவள் சூப்பைக் கலக்கிக்கொண்டே, “கார்னெட், ஒரு விஷயம்” என்று ஆரம்பித்தாள். அதற்குள் பக்கத்துக் கூடாரத்துக்காரி ஒரு டப்பா நிறைய புளூபெர்ரி பறித்துக்கொண்டு வந்து நின்றுவிட்டாள். வந்தவள் சும்மா போவாளா? கரடி பார்த்த கதை, கரடி பார்க்காத கதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். கார்னெட் அதற்குள் சாப்பாட்டுச் சாமான்களை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

மறுநாள் ஓகில்வி மலை முகட்டில், நாலு திசையிலும் மனுஷ வாடையே இல்லாத இடமாகப் பார்த்து, “கொஞ்சம் நிறுத்து” என்றாள் ஆர்டித். நிறுத்தினான். இங்கேதான் அவள் ஒன்றை மறந்துபோனாள். அந்த ரோட்டில் ஓடுகிற வண்டியை யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள், கையை மட்டும் அசைப்பார்கள். ஆனால் நிற்கிற வண்டியைத் தாண்டிப் போகிறவன் மனுஷனே இல்லை. நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, “எல்லாம் சரிதானே?” என்று கேட்டே ஆகவேண்டும். போன் எடுக்காத, பெட்ரோல் கிடைக்காத காட்டில் அது ஒரு கடன். நின்று கேட்காமல் போனவனைப் பற்றி அடுத்த ஊர்க் காப்பிக்கடையில் பேசுவார்கள். மூன்று தலைமுறைக்கும் சேர்த்துப் பேசுவார்கள்.

“கார்னெட், நான் ஒண்ணு சொல்லணும்.”

“ம்.”

“கோபப்படாம கேளு.”

ஒரு பிக்கப் வந்து நின்றது. மூஸ் மான் வேட்டைக்குப் போகிற இரண்டு பேர். “எல்லாம் சரிதானே?”

“சரிதான்” என்றான் கார்னெட். அவர்கள் போனார்கள். ஆர்டித் மறுபடி மூச்சை இழுத்துப் பிடித்தாள். மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் வந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றிக் கேட்டாள். அவளுக்கும் “சரிதான்” என்றே பதில். அதற்குப் பிறகு ஒரு கேம்பர் வேன், உள்ளேயே படுத்துச் சமைக்கிற வண்டி. அதில் வந்த புருஷனும் பெண்டாட்டியும் விசாரித்ததோடு விடாமல், முகம் வாடியிருக்கிறதே, பசியா என்று சொல்லிப் பாதி வாழைப்பழ ரொட்டியையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

“என்னமோ சொல்லணும்னியே?” என்றான் கார்னெட், ரொட்டியை மென்றபடி.

“ஒண்ணுமில்ல, வண்டிய எடு” என்றாள் அவள். மென்று முழுங்கும் வியாதி தனக்கும் ஒட்டிக்கொண்டதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஈகிள் ப்ளெயின்ஸில் பெட்ரோல் போட்டார்கள், ஹோட்டலில் சூப் குடித்தார்கள். நாலு மேஜை தள்ளி ரோடு வேலைக்காரர்கள் கார்னெட்டைக் கண்டு கையை ஆட்டினார்கள். அவனும் ஆட்டினான். வெளியே வந்து மறுபடி வடக்கே திரும்பினார்கள். வட துருவ வட்டம் தொடங்குகிற இடத்துப் பலகையைத் தாண்டி, மரங்களெல்லாம் முடிந்து, காற்று மட்டும் அடிக்கிற வெட்டவெளியில் டயர் வெடித்தது. அந்த ரோட்டுக் கல் கத்தி மாதிரி, அதிலொன்றும் அதிசயமில்லை. கார்னெட் இறங்கி, ஜாக்கியை முட்டுக்கொடுத்து, வீல் பக்கத்தில் குந்தினான். ஆர்டித் நட்டுகளை வாங்கித் தொப்பியில் போட்டுக்கொண்டு நின்றாள்.

நாளைக்கு மத்தியானம் கடல். அதற்கப்புறம் ரோடு கிடையாது. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நான் உன்னை விட்டுட்டுப் போறேன்.”

கை நின்றது.

“செப்டம்பர்ல. நனைமோவுக்கு. திரும்ப வரமாட்டேன்.”

வண்டிமேல் கட்டியிருந்த கூடாரத் துணி காற்றில் பிய்ந்துவிடுவதுபோல் படபடத்தது. கார்னெட் திரும்பவில்லை. வீலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

“சரி” என்றான். “அந்த ஸ்பானரை இந்தப் பக்கம் தள்ளு.”

ஆர்டித் ஸ்பானரை எடுத்தாள். இவன் மண்டையில் போட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்லுவானேன். அந்த நேரம் பார்த்து ஒரு நீலநிற பிக்கப் வந்து நின்றது. வடக்கே ஃபோர்ட் மெக்பெர்சன் ஊர்க்காரி எஃபி. ஐம்பது வயதுக்காரி, டாசனில் மளிகை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவள். இவர்களுக்கு முன்பின் பழக்கமில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

“என்ன, எல்லாம் சரிதானே?”

“சரிதான். பஞ்சர்” என்றான் கார்னெட் குனிந்தபடி.

“சரியில்ல” என்றாள் ஆர்டித்.

அந்த ரோடு போட்ட நாளிலிருந்து அப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை. கால் ஒடிந்தவன்கூட “பரவால்ல, மெதுவா போயிடுவேன்” என்பான். சரியில்லை என்று ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் கேட்டவர் அதைச் சரிசெய்யாமல் இடத்தைவிட்டு நகரக்கூடாது. எஃபி வண்டியை ஓரங்கட்டி, டூல் பெட்டியோடு இறங்கி வந்தாள்.

“எது சரியில்ல? ஜாக்கியா, ஸ்டெப்னியா?”

“ஜாக்கியும் நல்லாருக்கு, ஸ்டெப்னியும் நல்லாருக்கு. நாங்கதான் சரியில்ல. பத்தொம்பது வருஷம் கழிச்சு இவனை விட்டுட்டுப் போறேன்னு சொல்றேன். ஸ்பானர் கேக்கறான்.”

எஃபி கார்னெட்டைப் பார்த்தாள். தன் டூல் பெட்டியைப் பார்த்தாள்.

“இதுக்கு என்கிட்ட சாமான் இல்லையே தாயி” என்றாள். ஆனாலும் போகவில்லை. எப்படிப் போவாள்? பிக்கப்பின் பின்கதவைத் திறந்து அதில் ஏறி உட்கார்ந்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். “கருவாடு சாப்பிடு” என்று ஆர்டித்திடம் நீட்டிவிட்டுக் கார்னெட் பக்கம் திரும்பினாள். “ஏன்யா, உன்னைத்தான். உனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? பொண்டாட்டி போறேங்கறா, வாயத் தொறந்து ஏதாவது சொல்லேன்.”

“அவ முடிவு பண்ணிட்டா” என்றான் கார்னெட்.

ஒரு வண்டி நின்றால் ஒரு வண்டி நிற்கும். இரண்டு வண்டி நின்றால் வருகிறதெல்லாம் நிற்கும், ஏதோ பெரிய விபத்து என்று. காலையில் பார்த்த கேம்பர் வேன் வந்தது. அவர்கள் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார்கள். ஒரு ஆள் இழுவைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். எதைக் கட்டி எங்கே இழுப்பது என்று தெரியாமல் அதைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றான். ஒவ்வொருத்தரும், என்ன, ஏது, யாருக்கு அடி என்று கேட்க, ஒவ்வொருத்தருக்கும் எஃபி குரலைத் தாழ்த்தாமல் விஷயத்தைச் சொன்னாள். கேட்டவர்கள் “அடடா” என்று தொப்பியைக் கழற்றினார்கள். சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. யாரோ ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார்கள். கார்னெட் முகம் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி ஆகிவிட்டது. டயரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான், டயரும் அவனுக்கு உதவவில்லை.

கடைசியாக வடக்கேயிருந்து ஒரு காலி லாரி வந்து நின்றது. டெல்பர்ட் என்று ஒரு கிழ டிரைவர், வடகோடி இனுவிக் ஊரில் சாமான் இறக்கிவிட்டு ஒயிட்ஹார்ஸ் போகிறவர். அவரைக் கண்டதும் எஃபிக்கு வழி பிறந்துவிட்டது. அந்த ரோட்டில் உதவி என்றால் இரண்டே வகைதான், ஒன்று வடக்கே கொண்டுபோய் விடுவது, இன்னொன்று தெற்கே கொண்டுபோய் விடுவது.

“டெல்பர்ட்டு, நீ தெற்க போறதானே? இந்தம்மாவ ஒயிட்ஹார்ஸ்ல எறக்கிடு. இந்த ஆளு வடக்க போகட்டும், வழியில நான் பாத்துக்கறேன். ஆச்சு, பிரச்சனை தீந்துச்சு.”

“ஏறிக்கட்டும்” என்றார் டெல்பர்ட்.

ஆர்டித் திடுக்கிட்டுப் போனாள். செப்டம்பரில் என்றுதான் சொன்னாள். நடுரோட்டில், இன்றைக்கே, இந்த நிமிஷமே என்று அவள் நினைக்கவேயில்லை. ஆனால் அதற்குள் ஆளுக்கொரு சாமானாக இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஜனங்களுக்கு உதவி செய்ய ஒரு வழி கிடைத்தால் போதும், கண்மண் தெரியாது. அடுப்பு யாருக்கு, கூடாரம் யாருக்கு என்று கத்திக் கேட்டார்கள். கார்னெட் எல்லாவற்றுக்கும் “அவளுக்கு” என்றான். படுக்கைப் பைகள் இரண்டும் குளிருக்காக ஒன்றாகச் சேர்த்து ஜிப் போட்டிருந்தன. ஜிப் சிக்கிக்கொண்டு பிரியவில்லை. இழுவைக் கயிற்றுக்காரன் ஒரு குறடு கொண்டுவந்து, மண்டியிட்டு உட்கார்ந்து, இத்தனை பேர் பார்க்க அதைப் பல் பல்லாகப் பிரித்தான். ஆர்டித்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவன் இப்போதாவது ஒரு வார்த்தை, போகாதே என்று வேண்டாம், ஏன் என்றாவது கேட்டால் போதும் என்றிருந்தது. அவள் கேட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். கார்னெட் பிரித்த பைகளில் கனமானதை எடுத்துச் சுருட்டி அவள் மூட்டையில் கட்டினான்.

சரி, இனி யாருக்காக நிற்பது என்று அவள் லாரியில் ஏறினாள். பழைய லாரி, முன்னால் நீளமாக ஒரே பெஞ்சு சீட். கைப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு நேராக முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். டெல்பர்ட் எஞ்சினைக் கிளப்பினார்.

கார்னெட் டிரைவர் பக்கம் வந்து படியில் ஒரு காலை வைத்தான்.

“ஜன்னலை ஒரு விரக்கடை தொறந்தே வைங்க” என்றான்.

“சரி.”

“மூடிட்டா அவளுக்குக் குமட்டும். ஆனா சொல்லமாட்டா. பேச்சு நின்னுடும். பேச்சு நின்னா வண்டிய ஓரங்கட்டிடுங்க.”

“ஓரங்கட்டறேன்.”

“இடது முட்டி மடக்கியே வெச்சா பிடிச்சுக்கும். கீழ இருக்கற அந்தப் பெட்டிய எடுத்துட்டீங்கன்னா காலை நீட்டிக்குவா.”

டெல்பர்ட் குனிந்து பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் அதைக் கட்டிக்கொண்டு நின்றான், போகவில்லை.

“நீங்க சாப்பிட்டாத்தான் அவ சாப்பிடுவா. பசி இல்லன்னாலும் எதையாவது வாங்குங்க. ரேடியோல பாட்டு வந்தா கூடவே பாடுவா. சுருதி சேராது. சிரிச்சிடாதீங்க. நான் ஒருவாட்டி சிரிச்சுட்டேன், அந்தக் குளிர்காலம் பூரா பாடல. வீடு வீடாவே இல்ல.” கொஞ்சம் யோசித்தான். “அப்புறம் அந்த ஓகில்வி எறக்கம். பள்ளம் தெரியற பக்கம் வந்ததும் கண்ண மூடிக்குவா. தூங்கறான்னு நெனச்சுடாதீங்க, பயம். அந்த நேரத்துல ஏதாவது பேச்சுக் குடுத்துட்டே போங்க.”

“நீ என்ன பேசுவே?”

“எனக்குப் பேச வராது. மெதுவா ஓட்டுவேன்.”

எஃபி கருவாட்டை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

டெல்பர்ட் தலையைச் சொறிந்தார். “ஏன்யா, இதையெல்லாம் இந்தம்மாகிட்ட என்னைக்காவது சொல்லியிருக்கியா?”

கார்னெட் அவரை வினோதமாகப் பார்த்தான். கேள்வியே புரியாதவன் மாதிரி இருந்தது அவன் பார்வை.

“அவளுக்குத்தான் தெரியுமே” என்றான்.

“தெரியாது” என்றாள் ஆர்டித்.

அவன் எட்டிப் பார்த்தான்.

“எனக்குத் தெரியாது, கார்னெட்! நீ சிரிச்சது தெரியும். நான் பாடலன்னு உனக்குத் தெரிஞ்சதே எனக்குத் தெரியாது. அந்த எறக்கத்துல நீ எதுக்கு ஆமை மாதிரி ஓட்டறேன்னு நான் எத்தன வருஷம் திட்டியிருக்கேன்! எனக்கு ஒண்ணுமே தெரியாது. என்கிட்ட யாரும் சொல்லல!”

அவள் அழுதுவிட்டாள். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

கார்னெட்டின் முகத்தை அன்றைக்குப் பார்த்தவர்கள் பிறகு ஊரில் போய்ச் சொல்லும்போது, ஆள் அடிவாங்கினமாதிரி நின்னான் என்றார்கள். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். எங்கே வைத்தோம் என்று பார்க்கவில்லை, அது அவன் காலிலேயே விழுந்தது. லாரியைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கக் கதவுக்கு வந்தான். கண்ணாடி மூடியிருந்தது. அவள் இறக்கினாள்.

“உனக்குத் தெரியும்னுதான் இத்தனை நாளும் நெனச்சேன்” என்றான்.

“எப்படித் தெரியும்?”

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற வெட்கம் அவன் காதுவரைக்கும் சிவந்து தெரிந்தது.

“பயமா இருக்கு, ஆர்டித். நீ போனா அந்த வீட்ல சத்தமே இருக்காது. நீ சொன்னப்ப எனக்குக் கை ஓடல. அதான் ஸ்பானர் கேட்டேன்.”

“இத சொல்ல ஒரு லாரி வரணுமா உனக்கு?”

“வரணும்போல இருக்கு.”

யாரோ பின்னால் மூக்கை உறிஞ்சினார்கள். கேம்பர் வேன்காரியாக இருக்கும். கார்னெட் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். ஒரு பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது, வீல் தரையில் கிடந்தது. ரோட்டில் வண்டியைப் போட்டுவிட்டுப் போகிறவர்களை ஒர்க்‌ஷாப்பில் அவன் மனுஷ ஜாதியிலேயே சேர்க்கமாட்டான், இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

“ஒயிட்ஹார்ஸ் வரைக்கும் நானும் வரட்டுமா?” என்றான்.

“அடப்பாவி, வண்டிய இப்படியே போட்டுட்டா?” என்று எஃபி கத்தினாள்.

“கெடக்கட்டும்” என்றான் அவளைத் திரும்பிப் பார்க்காமல்.

டெல்பர்ட் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி தனக்கு இதில் சம்பந்தமில்லை என்பதுபோல் மலையைப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் கார்னெட் அவளிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை, அவளும் மறுத்ததில்லை. இப்போது காற்றில் தலைமுடி பறக்க, கிரீஸ் கையோடு, கதவுப்பக்கம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

“நனைமோ போறது போறதுதான்” என்றாள் ஆர்டித். “அதுல மாத்தமில்ல.”

“தெரியும்.”

“ஒயிட்ஹார்ஸ் வர்றவரைக்கும் நீ பேசணும். நான் பேசமாட்டேன். நீதான்.”

அவ்வளவு தூரம் பேசுவதற்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவன் உள்ளுக்குள் தேடிப் பார்ப்பது வெளியே தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினான்.

ஆர்டித் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.